இருவருக்கு ஓர் ஈகோ போதும்

தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சாபீஸிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருத்தங்கல் தம்பதிக்கு ஊர் சுற்ற வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் செண்பகத்தோப்பு. வத்திராயிருப்பு வழியே போனால் பிளவக்கல் அணையும் பூங்காவும். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவி, இன்னும் தெற்கே குற்றாலம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் எங்கும் போய்ச் சேரலாம். இந்தத் தொலைவுக்கு எந்த கேம்பர் வேன் பொருந்தும்?

பலரும் முதலில் நினைப்பது டெம்போ டிராவலரைத்தான். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கழிப்பறையே வைக்கலாம். ஐஐடி மெட்ராஸ் ஆதரவில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனத்துடன் மஹிந்திரா 2022-இல் கைகோத்து, பொலேரோ கேம்பர் மீது வீடு கட்டும் திட்டத்தை அறிவித்தது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் மாதம் ஓரிரு முறை வெளியே போகும் இருவருக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை. தெருவில் நிறுத்துவதே பெரும்பாடு.

இவர்களுக்கு மாருதி ஈகோ வேனே போதும்: 3,675 மில்லிமீட்டர் நீளம், 1,475 அகலம். 1.2 லிட்டர் எஞ்சின், இருபுறமும் தள்ளுகதவு. வார நாட்களில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வண்டியே சனிக்கிழமை படுக்கையறையாகும். அதற்குக் கழற்றி மாட்டும் பெட்டி வேண்டும்: பகலில் பின்புறம் சாமான் பெட்டி, இரவில் அதன் பலகை முன்சீட்டுப் பக்கமாக விரிந்து கட்டில். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குச் செய்ததும் இப்படியொரு பெட்டிதான்.

கழற்றக்கூடிய பெட்டி என்பதில் சட்டக் காரணமும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே கூரையை வெட்டுகிறேன், சீட்டைப் பிடுங்கிக் கட்டில் பற்றவைக்கிறேன் என்று சொல்லும் பட்டறைக்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

ஓட்டும்போது குறைகள் தெரிகின்றன. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சத்தமும் சூடும் அங்கேயே எழும். உயரமான, ஒடுக்கமான உடம்பு என்பதால் ஆடிக் காற்றில் தென்காசிப் பக்கம் வண்டி அலையும். 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் போவதே நல்லது. பாதுகாப்பில் கண்டிப்பு தேவை. 2016-இல் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஈகோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஏர்பேக் உள்ள மாடலைத்தான் தேட வேண்டும்.

கட்டிலைவிட முக்கியம் காற்று. கோடையில் விருதுநகர் வெயில் 40 டிகிரியைத் தொடும். இரவிலும் தகரம் குளிராது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 1.28 யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏசி அதை ஒன்றேகால் மணி நேரத்தில் குடித்துவிடும். 25 வாட் மின்விசிறி இரண்டு எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.4 யூனிட்தான். ஏசி ஆசையை விட்டு, ஜன்னல்களுக்குக் கொசுவலை தைத்து, மின்விசிறிக்குத் தனி பேட்டரி வைப்பதே புத்திசாலித்தனம். வண்டியின் சொந்த பேட்டரியைத் தொட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது கழிப்பறை. சர்க்கரை, புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். இருபது லிட்டர் கழிவுத்தொட்டி கொண்ட கையடக்கக் கழிப்பறையைக் கட்டிலுக்கு அடியில் வைக்க முடியாவிட்டால், மற்ற வசதி எதுவும் பயன்படாது. பட்ஜெட்டில் முதல் இடம் இதற்குத்தான் தர வேண்டும்.

அடுப்பு வேண்டவே வேண்டாம். சாத்தூர் சேவும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் விருதுநகர் புரோட்டாவும் கிடைக்கிற வழியில் சமையலறைக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும்? ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் போதும். காட்டோரத்தில் தீ அபாயமும் உண்டு: 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றம் போனவர்களைப் பலி கொண்டதை இந்தப் பகுதி மறக்கவில்லை. உறவினருக்குக் கொடுக்க பட்டாசுப் பெட்டி ஏற்றும் ஊர்ப் பழக்கத்தையும் இந்தப் பயணங்களில் நிறுத்திவிட வேண்டும்.

மலையடிவாரக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இரவில் அதற்குள் வண்டியைப் போட்டுத் தூங்க நினைக்கக் கூடாது. பகலில் வனத்துறை அனுமதிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பி, காவலாளி உள்ள லாட்ஜ் வளாகத்தில் கேட்டு நிறுத்தலாம்.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. ஈகோவில் படுக்கைக்குக் குனிந்தே ஏற வேண்டும், உள்ளே நிற்க முடியாது. அவர்கள் வாடகைக்கு டிராவலர் கேம்பர் எடுத்து ஒரு இரவு தூங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.