விண்

1738இல் ஜாக் டி வோகான்சன் பாரிசின் அறிவியல் கழகத்தில் ஒரு பொம்மையைக் காட்டினார். அது நிசமாகவே புல்லாங்குழல் வாசித்தது. உள்ளே துருத்திகள் மூச்சுவிட, தோல் போர்த்த விரல்கள் துளைகளை மூடித் திறக்க, 12 பாட்டுகள்.

அந்தத் துருத்தியைப் பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் பட்டத்து விண்தான் நினைவுக்கு வந்தது. தை மாதம், முல்லைத்தீவுக் கடற்கரை, வாடைக்காற்று. வேறு துருத்தி வேண்டாம்.

மூங்கிலை வில்லாக வளைத்து, குறுக்கே ஒரு நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவதுதான் விண்; காற்றுப் பட்டால் கூவும். சொல்லச் சின்ன வேலை. மாமா நாரை மடியில் போட்டு, உடைந்த போத்தல் ஓட்டால் சீவிக்கொண்டே இருப்பார். இடைக்கிடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு இடம் தடித்தாலும் கூவல் கரகரக்கும். நார் நேராக நிற்க வேண்டும், முறுகினால் ஊமை. இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வில்லைக் கையில் பிடித்து ஒருமுறை வீசிச் சுழற்றுவார். அந்த 'ம்ம்' சரியாக வந்தால்தான் முகம் மலரும். அந்தக் காதுக்கு நிகரான கருவியை நான் இன்னும் காணவில்லை.

இரவில் பறக்கும் பட்டத்தின் நூலை வேலிக் கதியாலில் கட்டிவிட்டுப் படுப்போம். விடியப்புறம் காற்று விழ, கூவல் மெல்ல இறங்கும். அந்தச் சத்தத்துக்கே எழும்பி, நூலைச் சுற்ற ஓடுவோம்.