எழுத்தறி கண்ணும் மூளைப் படிமமும்: தொண்டூர்க் கல்வெட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரில் சமணர் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. அத்தகைய பாறையில் இயற்கை வெடிப்பையும் உளிக்கோட்டையும் பிரித்து, கோட்டை எழுத்தெனக் காண்பது கல்வெட்டறிஞரின் பயின்ற கண். அப்பயிற்சியின் இயல்பை மூளைப் படிம ஆய்வு எவ்வளவு விளக்கவல்லது? ஆகாஷ் அகர்வால், கே.வி.எஸ். ஹரி, எஸ்.பி. அருண் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

ஆய்வின் வலிமை

தெலுங்கு படிப்போர், மலையாளம் படிப்போர் என்னும் இரு குழுவினர் இவ்வாய்வில் ஒப்பிடப்பட்டனர். ஒரு குழுவிற்கு எழுத்தாக இருப்பது மற்றதற்கு வெறும் வடிவம். ஆதலின், கண்ட வேறுபாடு வடிவத்தால் அன்றிப் படிப்புப் பயிற்சியால் விளைந்தது எனத் துணியலாம். படிக்கத் தெரிந்தோர் தனியெழுத்துகளை நன்கு வேறுபடுத்தினர். ஈரெழுத்துத் தொடரில் ஓரெழுத்து மற்றொன்றின் தோற்றத்தைப் பாதிப்பதும் அவர்களிடம் குறைந்தது. தனியே நிகழ்த்திய படிமச் சோதனையில், ஈரெழுத்துக்குரிய மூளைத் துலக்கத்தைத் தனியெழுத்துத் துலக்கங்களிலிருந்து கணிப்பது அவர்களிடம் கூடுதலாக இயன்றது. பல எழுத்துகளின் தொடருக்கெனத் தனி உணரி உருவாகிறது என்பதைவிட, தொடர் எழுத்துகளின் கூட்டாகக் காணப்படுகிறது என்பதையே இது வலுப்படுத்துகிறது.

வரம்புகள்

இம்முடிவைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, 'எழுத்து' எனும் அலகு. 'கொ' இலக்கணத்தில் ஓரெழுத்து. கண்ணுக்கோ ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று உருக்கள். கூட்டின் உறுப்பு எது என்பது இங்கே சோதித்தறிய வேண்டியது.

இரண்டாவது, காலம். செயற்பாட்டுக் காந்த ஒத்ததிர்வுப் படிமம் குருதியின் உயிர்வளி மாற்றத்தை அளக்கிறது. அம்மாற்றம் எழுந்து அடங்கப் பல நொடிகள் ஆகும். எழுத்தறிதலோ நொடிக்கும் குறைந்த காலத்தில் முடிகிறது. தேய்ந்த கல்லில் எழுத்து சொல்லைத் தந்ததா, எதிர்பார்த்த சொல் எழுத்தைக் காட்டியதா என்பதே வாசிப்பு விவாதங்களின் மையம். இந்த முன்பின் வரிசையை அப்படிமம் மட்டும் கொண்டு நிறுவ இயலாது.

முடிவுரை

பயிற்சி பார்வையையே மாற்றுகிறது என்பதை இவ்வாய்வு ஐயமற நிறுவுகிறது. ஆயின் 'வல்லுநர் கண் பிழையாது' என்பதற்கு இது சான்றாகாது. மைப்படிகளைக் கல்வெட்டறிஞர்க்கும், தமிழ் மட்டும் படிப்போர்க்கும் காட்டி, மூளை மின்னலைப் பதிவையும் படிமத்தையும் இணைத்து ஆராய்தல் வேண்டும். அதுவரை, ஐயத்திற்குரிய எழுத்தை ஐயக்குறியுடன் பதிப்பிக்கும் பழைய நெறியே நமக்குப் பாதுகாப்பு.