ஆப்பரா மாளிகையும் நாடகக் கொட்டகையும்

பம்பாய் நகரத்து ராயல் ஆப்பரா மாளிகை இருபத்து மூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2016 அக்டோபரில் மறுபடியும் திறக்கப்பட்டது. அன்று முதல் அதைப்பற்றி எழுதுகின்றவர் யாவரும் ஒரே வாசகத்தைத் திருப்பித் திருப்பி எழுதி வருகின்றனர். ‘இந்தியாவில் எஞ்சி நிற்கும் ஒரே ஆப்பரா மாளிகை’ என்பதே அது. இப்புகழுரையைச் சற்றே உரைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கோத்தா திங்கியில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்குப் பம்பாய் மாளிகையைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் வினவலாம். கவலை உண்டு. ஆப்பரா என்பதற்கு நாம் தமிழில் வழங்கும் பெயர் இசைநாடகம். அப்பெயருக்கு முற்றும் உரிய கலை நம்மிடத்திலும் இருந்தது. நம் பாட்டன்மாரைப் போலவே கப்பலேறி இந்நாட்டுக்கும் வந்தது. எனினும் அது நடந்த இடத்தை மாளிகை என்று எவரும் அழைத்ததில்லை. கொட்டகை என்றே அழைத்தோம். இன்றும் அப்படியே அழைக்கிறோம்.

முதலில் மாளிகையின் கதை. 1908-ல் இதற்கு அடிகோலியவர் இருவர். ஒருவர் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு நாடகத் தொழில் நடத்திய மாரிஸ் பாண்ட்மன்; மற்றவர் ஜஹாங்கீர் பிராம்ஜி கராகா என்னும் பார்சி நிலக்கரி வணிகர். வேலை முற்றும் முடியுமுன்பே, 1911-ல் இந்தியாவுக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வர். பெயரின் முன்னே நிற்கும் ‘ராயல்’ அவ்வழி வந்தது. சுதைவேலை மலிந்த முகப்பு, ஓவியந் தீட்டிய குவிமாடம், பிரபுக்களுக்கென ஒதுக்கிய தனி மாடங்கள், சசூன் குடும்பத்தார் அளித்த சரவிளக்குகள் என்று வர்ணிப்பதற்குப் பஞ்சமில்லை. எழுதுவோர் பெரும்பாலும் இந்தச் சரவிளக்குகளின் கீழேயே நின்றுவிடுகின்றனர்.

அம்மேடையில் நடந்தது யாது என்பதன்றோ கேள்வி? பாண்ட்மன் அசல் இத்தாலிய ஆப்பராவைக் கொணர்ந்து குவித்தவரல்லர். லண்டனில் ஓடி ஜெயித்த இலேசான பாட்டுக் கேளிக்கைகளை நடிகர் கூட்டங்களிடம் கொடுத்துத் துறைமுகந்தோறும் அனுப்பியவர். அவருடைய கம்பெனிகள் பம்பாயில் ஆடியது போலவே சிங்கப்பூரிலும் வந்து ஆடின. சிங்கப்பூரின் பழைய நகரமண்டபத்தைத் திருத்தி 1909-ல் விக்டோரியா தியேட்டராகத் திறந்தபோதும், வெள்ளைக்காரத் துரைமார் தாமே வேடமிட்டு ஆடியது கடற்கொள்ளைக்காரரைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டு நாடகத்தைத்தான். தொலைதேசத்தில் உத்தியோகம் பார்ப்போர் மாலைப்பொழுதைச் சிரித்துக் கழிக்க விரும்பினர். அதில் குற்றமில்லை. அதை மேனாட்டின் மகோன்னதக் கலை என்று பின்வந்தோர் எண்ணி வியப்பதுதான் விந்தை.

அப்படியாயின் அம்மாளிகைக்கு ஆப்பரா என்ற பெயரை மெய்ப்பித்தவர் யார்? மராட்டிய நடிகர் பாலகந்தர்வர் என்பேன். நாராயண் ஸ்ரீபாத் ராஜ்ஹன்ஸ் என்பது அவருடைய இயற்பெயர் (1888–1967). 1913-ல் சொந்த நாடக மண்டலி கண்டவர். பெண் வேடம் பூண்டு அவர் மேடையேறினால், அவர் புடவை உடுத்திய பாங்கைப் பார்த்து உயர்குலப் பெண்டிர் தாமும் அவ்வாறே உடுத்தினராம். பக்கத்தில் ஆர்கன், சாரங்கி. தபேலாவில் அகமத்ஜான் திரக்குவா. சபையோர் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவக்கூவக் கதையை நிறுத்தி, அதே பாட்டை வேறு வேறு வகையாக விரித்துப் பாடுவார். நாடகம் நின்று சங்கீதம் ஓடும். பிறகு சங்கீதம் நின்று நாடகம் ஓடும். இத்தாலிய ரசிகரும் தம் பாடகரை இவ்வாறே மறுபடி பாடச் சொல்லி வருத்தியவர்கள்தாம். இதை ஆப்பரா என்னாமல் வேறு என்னென்பது?

பின்னர் 1944-ல் தோன்றிய பிருதுவி தியேட்டர்ஸின் நாடகங்களும் அங்கே நடந்தன. ஆட்டம் முடிந்ததும் பிருதுவிராஜ் கபூர் வாயிலில் தலைகுனிந்து நின்று, துண்டை ஏந்தி, வெளியேறுவோரிடம் நற்காரியங்களுக்கு நன்கொடை பெறுவார். மன்னர் பெயர் தாங்கிய மாளிகையின் வாயிலில் ராஜபார்ட் நடிகர் கையேந்தி நின்ற அக்காட்சிக்கு அங்குள்ள சரவிளக்கு அத்தனையும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

மற்றவை சுருக்கம். 1930-களில் பேசும்படம் மேடையைப் பிடித்தது. 1952-ல் கோண்டல் மகாராஜா மாளிகையை வாங்கினார். வருவாய் குன்றி 1993-ல் கதவடைத்தனர். ஆபா நாராயண் லாம்பா என்னும் கட்டடக் கலைஞர் அதைப் பழைய பொலிவுக்குக் கொணர்ந்தார். 2017-ல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. அவ்வேலையின் நேர்த்தியை நான் குறைகூறவில்லை. பொன்பூச்சு வந்தாயிற்று, பாலகந்தர்வருக்காகக் கூவிய அந்தக் கூட்டம் யார், எவ்வகை டிக்கெட் வாங்கி எங்கே அமர்ந்தது என்பதையும் எவரேனும் அவ்வாறே துலக்கி எழுதியிருக்கலாகாதா என்பதே என் குறை.

நிற்க. ஆப்பரா என்றாலே சீமான்களின் சொத்து என்று நாம் மயங்குகிறோம். அரண்மனைக்குள் அடைபட்டிருந்த அக்கலை, 1637-ல் வெனிஸ் நகரில் சான் காசியானோ என்னும் அரங்கு திறந்தபோது, காசு கொடுத்த எவரும் பார்க்கத்தக்கதாயிற்று. மிலான் நகரத்து லா ஸ்காலாவிலோ, உச்சிமாடத்தில் மலிவு டிக்கெட்டில் நெருங்கி நிற்கும் கூட்டத்தின் கூச்சலுக்கே பெரும் பாடகரும் நடுங்குவர். நம் கொட்டகையின் தரை டிக்கெட்டுக்காரனும் அவனுக்குச் சளைத்தவனல்லன். சுருதி விலகினால் ராஜபார்ட்டை விட்டுவைக்க மாட்டான்.

இனிச் சென்னைக்கு வருவோம். அங்கே பட்டணத்துப் பெரிய மனிதர்களின் பொருளுதவியால் 1880-களில் எழுந்தது விக்டோரியா பொதுமண்டபம். சிஸ்ஹோம் வரைந்த செந்நிறக் கட்டடம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் நிறுவிய சுகுண விலாச சபை அம்மண்டபத்தில் நாடகங்கள் நடத்திற்று. வக்கீல்களும் பட்டதாரிகளும் அரிதாரம் பூசலாம், அதனால் மானம் போய்விடாது என்று காட்டிய பெருமை முதலியாருக்கு உரியது. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர் அவர். ஆயினும் அவருடைய ஆற்றல் உரைநடையிலேயே சென்றது. விடியவிடிய நடந்த பாட்டை அவர் சுருக்கினார்.

பாட்டை வைத்திருந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-ல் மதுரையில் பாலர் சபை கண்டு சிறுவர்களைப் பாடவும் நடிக்கவும் பழக்கியவர். அவருடைய நாடகங்கள் தகரக் கூரையின் கீழே, தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுத்த டிக்கெட்டுக்கு நடந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அந்தக் கூரையின் கடைக்கோடி வரை குரலை எட்டவைத்தவர் எஸ். ஜி. கிட்டப்பா, 1933-ல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவருடன் பாடி நடித்த கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமும் பூண்டவர். 1935-ல் வெளிவந்த படத்தில் நந்தனாராகவே தோன்றினார். ஆக, மண்டபம் உடையோர் பாட்டைக் குறைத்தனர். பாட்டு உடையோருக்கு மண்டபம் இல்லை. தமிழ் இசைநாடகத்தின் வரலாற்றில் இப்பிளவைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. அதற்குக் காரணம் கலைஞரின் குறையன்று; கூத்தாடி என்ற ஏச்சுச் சொல்லைக் கைவிட மனமில்லாத நம் சமூகத்தின் மேட்டிமையே.

தகரக் கொட்டகை செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் ஆட்டக்களம் சினிமாக் கொட்டகையே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். நாடகக் கொட்டகை அதற்கு முன்னரே அக்கதவை ஓரளவு திறந்துவிட்டது என்பேன். டிக்கெட் கிழிப்பவன் காசைக் கேட்பான். குலத்தைக் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்கு நேரமேது?

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாடகக் கூட்டங்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி ஆடின. தோட்டங்களிலோ கோயில் திருவிழாவுக்குப் பலகை அடுக்கி, படுதா கட்டி, லயத்து ஆட்களே வேடமிட்டனர். பகலில் பால்வெட்டிய கை இரவில் ஆர்மோனியக் கட்டையில் ஓடியது. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு எந்த நாடகம், பின்பாட்டு யார், பபூன் யார் என்பதற்குத் தோட்டத்துக் கணக்கேடுகளில் வரியில்லை. ஒவ்வொரு நாளும் எத்தனை இராத்தல் பால் என்பதற்கு மட்டும் உண்டு. ஜொகூர்த் தோட்டங்களில் அந்தப் படுதாவை இழுத்த முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களை அறிந்த நேயர்கள், நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களோடு கழிக்க வேண்டுகிறேன்.

பம்பாய் மாளிகையில் இன்று சுமார் 575 நாற்காலிகள் உள்ளன. கச்சேரி, நாடகம், படவிழா எல்லாம் நடக்கின்றன; ஆப்பராவும் எப்போதோ ஒருமுறை நடக்கின்றது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமோ, மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் திருவிழாக் காலம் பிறந்துவிட்டால், ஊர்ப்பொட்டலில் போட்ட மேடையில், பக்கவாட்டில் ஆர்மோனியக்காரர் அமர, இரவு பத்து மணிக்குத் தொடங்கி இன்றும் விடியும்வரை நடக்கின்றது.