தேங்காப்பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம்

எதிர்வரும் டிசம்பர் விடுமுறையில் தேங்காப்பட்டணம் போவதாக இருக்கிறேன். அங்கே எனக்கு உறவுமில்லை, வியாபாரமுமில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’தான் காரணம். கடவுச்சீட்டு எடுத்தாயிற்று. திருவனந்தபுரத்தில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றர். “ஒரு கதைப் புத்தகத்துக்காக இவ்வளவு செலவா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேடியபோதுதான் நாவலைத் திரும்பவும் ஒருமுறை வாசிக்க நேர்ந்தது.

‘முஸ்லிம் முரசு’ சஞ்சிகையில் தொடராக வந்து, 1988இல் நூலுருப் பெற்ற நாவல் இது. இதைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் மண்வாசனையையும் பேச்சுமொழியையுமே பாராட்டினர். மலையாளமும் அறபும் கலந்த அந்தத் தமிழ் சென்னை வாசகருக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். உம்மா, வாப்பா, மய்யித்து, கபுறு என்று பேசி வளர்ந்த நமக்கு அதில் புதுமை ஏதுமில்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கதை போலவே இருக்கிறது. ஆகவே மொழியழகை மட்டும் சொல்லி இந்நாவலைக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் இதனை முதன்முதல் வாசித்தபோது, முதலாளியை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மகமூதுதான் என் மனதில் நின்றான். இப்போது வாசிக்கையில் ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடமே முன்னுக்கு வருகிறது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி அதனைத் தீனுக்குக் கேடு என்கிறார். அவருடைய பயம் வேறு. எழுத்துத் தெரிந்தவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்பவன் கைகட்டி நிற்கமாட்டான். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் தடைக்குப் பின்னால் அதிகாரத்தின் கணக்கு ஒளிந்திருப்பதை எந்தப் பிரசங்கமும் செய்யாமல் மீரான் காட்டிவிடுகிறார். நாவலின் உயிர் இங்குதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குறையும் சொல்ல வேண்டும். ஊரை ஏமாற்றும் தங்கள், முதலாளியைப் போல முழு மனிதனாக வார்க்கப்படவில்லை. முதலாளியின் குரூரத்துக்குள்ளே அவரது தனிமையையும் நாம் காண்கிறோம். தங்களிடமோ வஞ்சகத்தை மட்டுமே காண்கிறோம். மலையாளக் கரையிலிருந்து தங்கள்மார் வந்து போன கரைதான் நமதும். அவர்களில் நல்லோரையும் கண்ட நமக்கு அந்தச் சித்திரம் அரைகுறையாகவே படும். ஆனால் முதலாளியின் வீழ்ச்சியைப் பள்ளிக்கூடத்தின் வெற்றியாக ஆக்காமல், அவருடைய வீட்டுக்குள்ளிருந்தே, வறட்டுக் குடும்பப் பெருமையிலிருந்தே வரச் செய்தது பெரிய எழுத்தாளனின் நிதானம். வாத்தியாரான எனக்கு அது சற்று ஏமாற்றமே. எனினும் உண்மை அதுதான்.

என் உம்மா இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். நிறுத்தியவர் வேறு யாருமல்ல, அவருடைய சொந்த மாமா. ஊரில் அவரையும் முதலாளி என்றே அழைப்பார்கள். கடந்த நோன்பில் அஸருக்குப் பின் நாளுக்குக் கொஞ்சமாக இந்நாவலை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்த அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பள்ளிக்கூடம் இப்பவும் இரிக்கா மகன்?” என்று கேட்டார். மகமூதைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. நான் போவது அந்தக் கேள்வியைக் கொண்டுதான்.

கதையில் வரும் ஊர் அப்படியே இருக்காது என்பது தெரியும். அது திருவிதாங்கூர் காலத்து ஊர்; 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. 2004 சுனாமி நம் கரையைப் போலவே அந்தக் கரையையும் அடித்தது. இன்று தேங்காப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. மீரானும் திருநெல்வேலியில் வாழ்ந்து 2019இல் காலமானார். 2011 குடிசன மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் பெற்றது அந்த மாவட்டமே என்பதும் தெரியும். உம்மாவின் கேள்விக்கு அந்தப் புள்ளிவிபரத்தையே பதிலாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நாவலில் உள்ள கட்டடத்தைத் தேடி நான் போகவில்லை. ஆறு கடலில் சேருமிடத்தையும் கல்லாலான பழைய பள்ளிவாசலையும் பார்ப்பேன். பிறகு காலை ஏழரை மணியளவில் ஒரு தெருமுனையில் நிற்பேன். புத்தகப் பையோடு போகும் பெண்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். உம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிடும்.