மணிமேகலையின் தந்தை வழி

மணிமேகலை யாருடைய மகள் என்னும் வினா எளிதாகவே தோன்றும். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் என்று விடையிறுத்து அமைவர் பலர். ஆயின், பிறத்தல் வேறு. பிறந்ததனைத் தந்தையும் தந்தையின் குடியும் தம்முடையதென ஏற்றல் வேறு. மணவினையின்றிப் பிறந்த மகவுக்குத் தந்தை வழியில் உரிமை உண்டோ என்பது இன்றும் வழக்கு மன்றங்களில் நிற்கும் வினா. இரட்டைக் காப்பியங்கள் அதனை எங்ஙனம் எதிர்கொண்டன என்பதே ஈண்டு எம் ஆய்வுப் பொருள்.

சிலப்பதிகார அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் நற்செயல்களை எடுத்துரைக்குங்கால், மாதவி மகளின் பெயரிடு விழாவையும் கூறுகின்றான். கணிகையர் குழந்தைக்குப் பெயரிட விழைந்தபோது, கடலில் இடருற்ற தன் முன்னோனைக் காத்த குலதெய்வத்தின் பெயரை இடுமாறு கோவலன் பணித்தான் என்பது செய்தி. இதனை மகள்பால் கொண்ட அன்பு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அன்பே காரணமாயின் அழகிய பெயர் வேறு எத்துணையோ உள. குலதெய்வத்தின் பெயரைத் தருவோன் தன் குலத்தைத் தருகின்றான். இது தந்தைமையை அவையறிய ஏற்ற செயலேயாம். ஆனால் அவ்வவை எத்தகையது? வாழ்த்தினோர் ஆயிரம் கணிகையர். பெருங்குடி வணிகர் வந்து வாழ்த்தியதாகவோ, மாசாத்துவான் பேர்த்தியைக் கையிலேந்தியதாகவோ இளங்கோவடிகள் கூறவில்லை. தந்தை ஏற்றான், குடி ஏற்றதற்குச் சான்றில்லை.

இவ்விடத்து இக்காலச் சட்டத்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மணவுறவின்றிப் பிறந்த மக்களைத் தாய்க்கும், ஒரு தாய் வயிற்று மக்கள் தமக்குள்ளும் உறவினராகக் கொள்கின்றது. தந்தைக்கு அவ்வாறு கொள்ளவில்லை. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மகவேற்பு, பராமரிப்புச் சட்டமோ அம்மக்களைப் பேணுங் கடமையைத் தந்தைக்கும் விதிக்கின்றது. சோறிடும் கடன் உண்டு, உறவு இல்லை! 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, செல்லாத் திருமணத்திற் பிறந்த மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பெற்றோர்க்கு உரியதாகும் பங்கினின்றும் பங்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. அதற்கும் மணம் என ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும். மாதவிக்கும் கோவலனுக்கும் இடையே கரணம் யாதும் நிகழாமையின் மணிமேகலை அந்நிழலிலும் ஒதுங்க இயலாள்.

வியப்பு யாதெனின், 1956ஆம் ஆண்டுச் சட்டமும் சித்திராபதியும் ஈண்டு ஒரே பக்கத்தில் நிற்பதேயாம். மகள் தாயின் குலத்தினள், ஆதலின் நாடகக் கணிகையர் ஒழுக்கமே அவளுக்கு உரியது என்பது அம்முதியவளின் வழக்கு. இவ்வழக்கினை மாதவி தகர்க்கும் முறை நுட்பமானது. ஊரலர் உரைத்த காதையில் வயந்தமாலையிடம், மணிமேகலை கண்ணகியின் மகள், தவநெறிக்கே உரியவள் என்கின்றாள் அவள். பெற்ற தாயே தன் தாய்மையை விட்டுக்கொடுக்கின்றாள். இதனைத் துறவுள்ளத்தின் உணர்ச்சிப் பெருக்கு என்பாரும் உளர். உணர்ச்சி இல்லை என்று யாம் கூறோம். ஆயினும் அதனுள் ஒரு வழக்குரை மறைந்துள்ளது. தாய் வழியே மகளின் நிலை தீர்மானிக்கப்படுமாயின், தாயை மாற்றினாலன்றி மகளை மீட்க வழியில்லை. கோவலனின் மனைவியைத் தாயாக்கியதால் மணிமேகலை தந்தையின் இல்லத்திற்கும் உரியவளாகின்றாள். வஞ்சியில் கண்ணகி படிமத்தின் முன் அவள் மகளாகவே நின்று தொழுவது இவ்வழக்குரைக்குக் கிடைத்த தீர்ப்பு எனலாம்.

எனினும் குடியின் ஏற்பு எப்போது வந்தது? மகனை இழந்த மாசாத்துவான் தன் பெரும்பொருளைத் தானமாக ஈந்து விகாரம் புக்கான் என நீர்ப்படைக் காதை நவில்கின்றது. அப்பொருளில் பேர்த்திக்கு ஒரு பங்கு உண்டென அங்கு எவரும் பேசவில்லை. பின்னர், வஞ்சியில் துறவியாகிய அவனை மணிமேகலை கண்டு வணங்க, அவன் அவளுக்குத் தம் குடியின் பழவரலாற்றை உரைத்துக் கச்சிக்குச் செல்லுமாறு வழிகாட்டுகின்றான். பேர்த்தியென அவளோடு அவன் பேசும் அந்நிலையில் கொடுப்பதற்கு அவனிடம் செல்வமில்லை. கொள்வதற்கு அவளிடம் விருப்பமில்லை. சாத்தனார் இச்சந்திப்பை அமைதியாகவே கூறிச் செல்கின்றார். எமக்கோ அவ்வமைதி சிறிது உறுத்துகின்றது.

ஆபுத்திரன் நிலை இதனினும் கடியது. அவனுக்குத் தந்தையின் பெயரே இல்லை. சாலி விட்டுச்சென்ற குழவியை எடுத்து வளர்த்த இளம்பூதியும், வேள்விப் பசுவால் எழுந்த பூசலில் பிறப்பு வெளிப்பட்டதும் அவனை மனையினின்று நீக்கினான். முனிவர் பலரின் பிறப்பினை எடுத்துக்காட்டி அவன் தொடுத்த வாதத்திற்கு அந்தணரிடம் மறுமொழியில்லை. ஆயினும் அவனுக்கு இடமும் இல்லை. மறுபிறப்பிலோ, மகப்பேறற்ற பூமிசந்திரன் அவனை மகனாக ஏற்று நாட்டையே அளிக்கின்றான். ஒருவன் வாய்ச்சொல்லால் ஏற்ற உறவு நீக்கப்படவும் கூடும், அரசுரிமை தரவும் கூடும் என இரு முனைகளையும் ஓர் உயிரின் இரு பிறப்புகளில் வைத்துக் காட்டியுள்ளார் புலவர். ஆபுத்திரன் கோமுகிப் பொய்கையில் விட்ட அமுதசுரபி மணிமேகலையின் கையை அடைந்ததும் இத்தொடர்பில் வைத்து ஆராய்தற்குரியது. அப்பாத்திரத்தைப் பசிப்பிணி தீர்க்கும் கருவியாக மட்டும் கண்டு செல்வோர், அது எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்பதை நோக்காது விடுகின்றனர்.