புறம் 77: தாலி கழற்றாத பையனும் கம்பு சுற்றும் பிள்ளைகளும்

சிலம்ப விழா மேடைகளில் தலையாலங்கானத்துச் செழியன் பேச்சு வந்தாலே புறநானூறு 72-ஐத்தான் எடுக்கிறார்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் தானே பாடியது. தன்னைச் சின்னப் பையன் என்று சிரித்தவர்களை வெல்லாவிட்டால், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். வஞ்சினக் காஞ்சி. கைதட்டல் வாங்கும் பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் கம்போடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் சொல்ல வேண்டியது 72 இல்லை, 77 என்பது என் கட்சி.

77 இடைக்குன்றூர் கிழார் பாடியது. அதே பையன், அதே போர். காலில் கிண்கிணி போய் கழல் வந்திருக்கிறது, கையில் வளை போய் வில் வந்திருக்கிறது. கழுத்தில் மட்டும் தாலி இன்னும் கழற்றவில்லை. உரைகாரர்கள் இதை ஐம்படைத் தாலி என்பார்கள்: சங்கு, சக்கரம், கதை, வில், வாள் என்று திருமாலின் ஐந்து படைகளையும் சின்னதாகச் செய்து, காப்புக்காகக் குழந்தைக்குக் கட்டுவது. கழுத்தில் விளையாட்டு வில், கையில் நிஜ வில்! பால்குடி மறந்து சோறு தின்றதே இன்றைக்குத்தானாம். இவன் யாரப்பா என்று புலவர் கேட்கிறார். இதை வெறும் புகழ்ச்சியாகப் படித்துவிட்டுப் போகிறோம். எனக்கு அந்தக் கேள்வியில் கொஞ்சம் கலக்கமும் கேட்கிறது. உடம்பு தயாரில்லை என்று சாட்சி சொல்லிவிட்டுத்தான் புலவர் மேலே போகிறார்.

மேலே போய் எதைப் புகழ்கிறார் என்பதுதான் விஷயம். எதிர்த்து வந்த வீரர்களைப் பார்த்து அவன் வியக்கவுமில்லை, இளக்காரமாக நினைக்கவுமில்லை. அவர்களைக் கொன்றபிறகு அதற்காக மகிழவுமில்லை, செருக்கவுமில்லை. கொன்றதை ஒரு வீச்சில் சொல்லி முடித்தவர், செய்யாத நாலையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். வியக்காதது பயமின்மை, இகழாதது பணிவு. புலவருக்கு ரெண்டும் ஒரே மூச்சில் வருகிறது. நாம்தான் முதலாவதை வகுப்பிலும் ரெண்டாவதை நீதிக்கதையிலும் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊர்க் கோயில் வாலி வழிபட்டதாகச் சொல்லப்படுவது. எதிரே நிற்பவன் பலத்தில் பாதி தனக்கு வந்துவிடும் என்ற வரம் பெற்றவன். தாரை தடுத்தும் கேட்காமல்தான் சுக்ரீவனோடு சண்டைக்குப் போனான். பலத்தில் குறையில்லை. எதிரியை எடைபோடுவதில்தான் கோட்டை விட்டான்.

சிலம்பத்தின் பாடவரிசையே இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. முதலில் வணக்கம், அப்புறம் காலடி, கம்பு அதுக்கு அப்புறம்தான். களரி இன்னும் கறார்: மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி எல்லாம் தாண்டித்தான் வெறுங்கைப் பாடம். அவசரப்படுகிற பையன் காலடியிலேயே சலித்து நின்றுவிடுவான். வாத்தியாருக்கு அது நஷ்டமில்லை, சல்லடை.

இப்போது அந்தச் சல்லடையில்தான் ஓட்டை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது; நல்ல விஷயம், நான் போட்டிக்கு எதிரி இல்லை. ஆனால் மணிக்கணக்கில் கம்பு சுற்றவிட்டு 'உலக சாதனை' சான்றிதழ் வாங்கித் தருகிறார்களே, அதில் பிள்ளைக்கு எதிராளியே கிடையாது. எதிராளி இல்லாத இடத்தில் வியப்பதும் இகழ்வதும் எங்கிருந்து வரும்? அடக்கத்தைப் பழக வாய்ப்பே இல்லாமல் தோள்பட்டை மட்டும் தேய்கிறது. சாதனையும் பெரும்பாலும் பெற்றோரோடதுதான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இடைக்குன்றூர் கிழாரே அடுத்த பாட்டில், 78-ல், வேறு மாதிரி ஒரு செழியனைக் காட்டுகிறார். நாங்கள் பெரியவர்கள், இவன் சின்னவன், கொள்ளையும் நிறைய என்று எண்ணி வந்தவர்களைக் களத்தில் முடிக்காமல், பறை முழங்க அவர்கள் தகப்பன்மார் ஊர் வரைக்கும் போய், வீட்டுப் பெண்கள் நாணி மாயும்படி அங்கே வைத்துக் கொல்கிறான். 77-ன் அடக்கத்தில் இரக்கத்தைத் தேடினால் கிடைக்காது. 77-ஐ வகுப்பில் சொல்கிற வாத்தியாரிடம் எந்தப் பையனாவது 78-ஐக் கேட்டால் என்ன பதில் சொல்வார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.