தோளைப் படிக்கும் விரல்கள்

சிதம்பரம் கோயில் கோபுர வாயிலில் 108 கரணங்களைப் பார்ப்பவர்கள் பாதத்தையும் முத்திரையையும் ரசிப்பார்கள். என் கண் தோளுக்குத்தான் போகும். உடம்பில் இத்தனை திசைக்குத் திரும்பும் மூட்டு வேறில்லை. வலி வந்தால் காரணத்தைப் பிடிப்பது சிரமமாக இருப்பதும் அதனால்தான். அதைப் பிடிக்கத் தெரிந்த எலும்பு மருத்துவரின் கையை நான் கலைஞனின் கையாகவே மதிக்கிறேன்.

கடலூர் துறைமுகத்தில் வலை இழுப்பவர், பண்ருட்டியில் பலாப்பழம் சுமப்பவர் என்று இந்த மாவட்டத்தில் தோள்வலிக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் தசைநாண் தேய்மானமாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு உறைந்த தோளாக இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு எலும்பின் அமைப்பே வேறு. தோள்பட்டை எலும்பின் நுனியான அக்ரோமியன், வளரும் பருவத்தில் சில துண்டுகளாகத் தோன்றி, சுமார் 25 வயதுக்குள் ஒன்றாகிவிடும். ஒரு துண்டு ஒட்டாமலே நின்றுவிட்டால் அது ஆஸ் அக்ரோமியாலே. இன்னும் சிலருக்குக் காறை எலும்புக்கும் அதன் கீழுள்ள கோரகாய்டு முனைக்கும் நடுவே, வெறும் நார்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மூட்டே உருவாகியிருக்கும்.

1985இல் அண்ணாமலைநகரில் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாகிவிட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு ஓ.பி. சீட்டோடு வருபவர், எடுத்தவுடன் எக்ஸ்ரேயைத்தான் நீட்டுவார். தேர்ந்த மருத்துவர் அதை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்வார். முதலில் முதுகுப்பக்கம் நின்று இரண்டு தோள்பட்டைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறது என்று கவனிப்பார். பிறகு ஒற்றை விரல் காறை எலும்பின் மேலேயே நகர்ந்து தோள் நுனியில் நின்று அழுத்தும். ஒரு விரற்கடை தள்ளி அழுத்தினால் வலி வேறு கதை சொல்லும்.

முன்பக்கம் எடுத்த எக்ஸ்ரேயில் ஒட்டாத துண்டு எளிதில் மறைந்துவிடும். கையை விரித்து அக்குள் வழியாக எடுக்கும் படத்தில் தெளிவாகத் தெரியும். விபத்துக்குப் பிறகு எடுத்தால் எலும்பு முறிவு என்றே நினைக்கத் தோன்றும். முறிந்த விளிம்பு கூராக இருக்கும், இது மழுங்கியிருக்கும். மறு தோளையும் படமெடுத்தால் பல சமயம் அங்கேயும் இதே பிளவு இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை கலையின் உச்சம் அடுத்த கட்டம்தான். படத்தில் விசித்திரமாக ஒன்று கிடைத்ததும் பழியை அதன்மேல் போடாமல் இருப்பது! இந்த மாற்றங்கள் உள்ள பெரும்பாலோர் வலியே இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். ஆகவே சந்தேகப்பட்ட அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்திப் பார்ப்பார்கள். உடனே வலி அடங்கினால் சந்தேகம் உறுதிப்படும். அடங்காவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

சிகிச்சையிலும் இதே நிதானம் வேண்டும். முதலில் ஓய்வு, பயிற்சி, ஊசி. மாதக்கணக்கில் பார்த்தும் தீராதபோதுதான் கத்தி. சின்னத் துண்டானால் எடுத்துவிடலாம். பெரிய துண்டில் கையைத் தூக்கும் டெல்டாய்டு தசை பற்றியிருப்பதால், அதை எடுத்தால் கை பலம் இழக்கும். திருகும் கம்பியும் வைத்து ஒட்டவைப்பதே சரி. காறை எலும்புக்கடியில் முளைத்த மூட்டு தொடர்ந்து தொந்தரவு செய்தால் அதைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள்.

பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் பிளவு தெரிகிறது என்றால் பெற்றோர் பதற வேண்டாம். அந்த எலும்பு சேர இன்னும் காலம் இருக்கிறது.